முதல் டேங்க் மருந்து

மோகனூர் வாய்க்கால் பாசனத்தில் தீனதயாளனுக்கு இருந்தது ஒரே வயல். அதுவும் தார்ரோட்டை ஒட்டியே இருந்ததால், பயிர் செழித்தாலும் வாடினாலும் போகிற வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்தப் போகத்தில் நட்ட நாற்று பச்சை பிடிப்பதற்குள் கோரையும் புல்லும் முந்திக்கொண்டு கிளம்பிவிட்டன. களை எடுக்கும் ராசாத்தியும் அவளோடு வரும் பெண்களும் பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழைத்தோப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை. களைக்கு மருந்தடித்துவிடலாம் என்று தீனதயாளன், ராசாத்தியின் கணவரான அங்கமுத்துவை வரச்சொன்னார்.

அங்கமுத்து தீனதயாளனைவிட வயதில் மூத்தவர். சுற்றுவட்டாரத்தில் மருந்தடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். காற்று பார்ப்பார், அளந்து ஊற்றுவார், அடித்து முடித்தால் வரப்பில் ஒரு துளி சிந்தியிருக்காது.

அன்று காலை தீனதயாளனின் ஸ்ப்ரேயரைத் தூக்கிப் பார்த்தவர் கேட்டார்: "ஏனுங்க, டேங்கு கனமா இருக்குதுங்களே. உள்ள என்னமோ இருக்குதுங்க. கழுவியாச்சுங்களா?"

"எல்லாங் கழுவித் தண்ணி ஊத்தி வெச்சதுதான். நீ மருந்தக் கலந்து அடி. வெயில் ஏறுது," என்றார் தீனதயாளன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு வாரம் கழித்து ரோட்டோரப் பாத்தி மஞ்சளடித்தது. அப்புறம் கருகியது. கோரை, புல், நெல் என்று பேதமில்லாமல் எல்லாம் வைக்கோலாகிப்போயின. மற்ற பாத்திகளில் களை மட்டும் வாடிப் பயிர் தெளிவாக நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

ஒரு நாள் காலை பால் சொசைட்டியில் பால் அளக்கிற மாதேஷ் சிரித்துக்கொண்டே, "என்னுங்க, நெல்லுக்கும் சேத்து மருந்தடிச்சுட்டீங்களாட்ட இருக்குது?" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதே வரிசையில் கடைசியில் அங்கமுத்துவும் பால் தூக்குப்போசியோடு நின்றிருந்தார்.

தீனதயாளனுக்குக் காது சூடேறியது. "அவனக் கேளு!" என்று திரும்பினார். "ஏன்டா, குடிச்சுப்போட்டு வந்து அளவு தெரியாம ஊத்துனயா? ஒரு பாத்தியே பொசுங்கிப்போச்சேடா!"

"அளந்துதானுங்க ஊத்துனேன்," என்றார் அங்கமுத்து. தீனதயாளனின் முகத்தையே பார்த்தார். "டேங்குல முன்னயே..."

அந்த நொடியில் தீனதயாளனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. வயலுக்கு மருந்தடித்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் தன் தென்னந்தோப்பில் புல்லை அடியோடு கருக்கும் மருந்தை அடித்தது அவர்தான். மீதி கால் டேங்க்கை வீணாக்குவானேன் என்று மூடி வைத்ததும் அவர்தான். கழுவவே இல்லை. அந்த மீதிதான் முதல் டேங்க்கோடு ரோட்டோரப் பாத்திக்குப் போயிருக்கிறது.

நிறுத்தியிருக்கலாம். நினைவுக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை. "வாய மூடுறா! தப்பப் பண்ணிப்போட்டு எதுத்து வேற பேசறயா?" என்று முன்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

அங்கமுத்து தன் முறை வந்ததும் பாலை ஊற்றிவிட்டு நடந்துவிட்டார். குடிக்கிற வழக்கமே இல்லாத மனிதர் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதன்பிறகு யாரும் அவரை மருந்தடிக்கக் கூப்பிடவில்லை. எதற்கு வம்பு என்றார்கள்.

தீனதயாளனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி சாந்தாமணி கேட்டபோது மருந்துக்கடைக்காரனைத் திட்டினார், வெயிலைத் திட்டினார். கடைசியில் ஒரு மத்தியானம், தட்டில் கை வைத்தபடியே உண்மையைச் சொல்லிவிட்டார். அவள் ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

"அவிய வயசென்ன, உங்க வயசென்ன? வாடா போடாங்கறீங்க," என்றாள் சாந்தாமணி. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றே அங்கமுத்துவின் வீட்டுக்குப் போனார். ராசாத்திதான் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"அங்கமுத்து இல்லையா?"

"வெத்தலைக் கொடிக்காலுக்குப் போறாருங்க. இங்க யாரு கூப்படறாங்க?"

"தப்பு என்மேலதான் ராசாத்தி. டேங்க நாந்தான் கழுவல."

அவள் கொஞ்சமும் திகைக்கவில்லை. "தெரியுமுங்க. அன்னைக்கே ஊட்டுல வந்து சொன்னாரு. நீங்களே வெளிய சொன்னாத்தான் உண்டுன்னுட்டு சும்மா இருந்துட்டாரு." பிறகு, கீழே பார்த்தபடி, "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகும்? எங்க வெச்சுத் திட்டுனீங்களோ அங்க சொல்லுங்க," என்றாள்.

மறுநாள் காலை தீனதயாளன் பால் சொசைட்டிக்குப் போனார். மாதேஷ் தன் பாலை அளந்து முடிக்கும்வரை காத்திருந்தார். "ஒரு விசயமுங்க," என்று தொடங்கினார். "அங்கமுத்து மேல தப்பில்லீங்க. தோப்புக்கு அடிச்ச மருந்து டேங்குலயே கெடந்துச்சு. அவர் கேட்டாரு, நாந்தான் பாக்காமயே கழுவியாச்சுன்னுட்டேன். அன்னைக்குத் திட்டறப்பவே எனக்கு அது தெரிஞ்சுபோச்சுங்க. தெரிஞ்சுந்தான் திட்டுனேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது. ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். மாதேஷ் அடுத்த கேனை இழுத்து வைத்தான்.

ராசாத்தியும் பெண்களும் வந்து கருகிய பாத்தியில் நாற்றங்காலில் மிஞ்சியிருந்த நாற்றை நட்டுக் கொடுத்தார்கள். பேசிச் சிரித்துக்கொண்டே வேலை செய்கிறவர்கள், அவர் வரப்பில் வந்து நின்றால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அங்கமுத்துவை மற்றவர்கள் மறுபடி கூப்பிடத் தொடங்கினார்கள். தீனதயாளனின் வயலுக்கு மட்டும் அவர் வரவில்லை. ஆள் அனுப்பியபோது, வேலை இருக்கிறது என்று பதில் வந்தது.

பொங்கலுக்கு முன்னால் நாமக்கல் பஸ்ஸில் தீனதயாளன் அங்கமுத்துவைப் பார்த்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்.

"அண்ணா," என்றார். அந்த வார்த்தையை அங்கமுத்துவிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "சொசைட்டில சொல்லிட்டனுங்க."

"கேள்விப்பட்டனுங்க," என்றார் அங்கமுத்து. குரலில் கோபம் இல்லை. தீனதயாளன் மேலும் ஏதாவது வருமென்று காத்திருந்தார். அங்கமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்க வேண்டிய இடம் இன்னும் தூரத்தில் இருந்தது. தீனதயாளன் எழுந்துபோய்ப் படிக்கட்டருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.