ராசம்மாளுக்கு ஒரு ‘ங்க’

சிங்காநல்லூர் பஜனை மடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் எழுந்து ஒரு பழமொழிக்கு ஆன்மிக விளக்கம் சொல்ல வேண்டும். இந்த வாரச் சீட்டு நஞ்சுண்டனுக்கு விழுந்தது. சுலபமான பழமொழிதான். மனிதரில் மேல் கீழ் கிடையாது என்பது அதன் பொருள். பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதி எழுதிச் சாயம் போனது.

நஞ்சுண்டன் மோட்டார் பம்புக்குப் பாகங்கள் கடையும் லேத் பட்டறை வைத்திருந்தார். மேடையில் பேசிப் பழக்கமில்லை. சாப்பிடும்போது மனைவி தெய்வாத்தாளிடம் ஒத்திகை பார்த்தார். ஆத்மா ஒன்று, உடம்பு வெறும் சட்டை, மேல் கீழ் எல்லாம் சட்டைக்குத்தான். சட்டை என்று சொன்னபோது அவருக்கே சிலிர்த்தது.

தெய்வாத்தாள் இன்னொரு தோசையை வைத்தாள்.

“நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா ராசம்மாளுக்கு ஒரு ‘ங்க’ உங்க வாயில வராதே. அப்புறம் எப்படிங்க இதைய எந்திரிச்சுச் சொல்லுவீங்க?”

அவர் சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை.

அவர் எல்லோருக்கும் ‘ங்க’ போடுகிறவர். பஸ் கண்டக்டருக்குப் போடுவார். பால் குடிக்கும் பேத்திக்குப் போடுவார். கைபேசியில் வழி சொல்லும் பெண்குரல் இடப்பக்கம் திரும்பச் சொன்னால், “சரிங்க” என்று திரும்புவார். பட்டறை கூட்டும் ராசம்மாளுக்கு மட்டும் “ஏ ராசம்மா, இங்க வா.” அவள் அவரைவிட மூத்தவள். அது வேலையால் வந்த பழக்கமா சாதியால் வந்ததா என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

மறுநாள் காலை வாசலிலேயே நின்று, “வாங்க ராசம்மா, உக்காருங்க” என்றார்.

ராசம்மாள் கையிலிருந்த விளக்குமாறு விழுந்தது. லேத்தில் நின்ற மனோஜ்குமார் மெஷினை நிறுத்தினான். அவள் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டாள். ஒன்றுமில்லைங்க என்றார். அந்த ‘ங்க’வில் அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது. சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மனோஜ்தான் விளக்கினான். முதலாளிமார் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு ‘ங்க’ போடுவது ஒரே ஒரு சமயத்தில். “நாளைக்கு வர வேண்டாமுங்க” என்று சொல்லும்போது.

அன்றும் மறுநாளும் பட்டறையில் கடைந்து விழுந்த இரும்புச் சுருள் கணுக்கால்வரை கிடந்தது. வியாழன் மாலை அவர் குளத்துக்குப் பின்னால் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனார். நாற்காலி போட்டுவிட்டு அவள் நின்றாள். நீங்களும் உட்காருங்கள் என்றதற்கு இன்னும் பயந்தாள். பஜனை மடம், பழமொழி, தோசை, தெய்வாத்தாள் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ராசம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து உட்கார்ந்தாள்.

“அப்ப ஒண்ணு. எனக்கு நீங்க ‘ங்க’ போட்டா, உங்களைய நான் கண்ணுன்னுதான் கூப்புடோணும். டவுசரோட உங்கப்பன் பின்னால வந்தப்பவே பாத்தவ நான்.”

நஞ்சுண்டன் தொண்டையைச் செருமினார். வீட்டில் வைத்துக் கூப்பிட்டால் பரவாயில்லை என்றார்.

“பட்டறைலதான். மனோஜ் முன்னால.”

“யோசிச்சுச் சொல்றேனுங்க” என்றார். சொன்ன பிறகுதான் ‘ங்க’ தானாக வந்ததைக் கவனித்தார். அவளும் கவனித்திருந்தாள்.

“யோசி கண்ணு. டீ குடிக்கறயா?”

குடித்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

வெள்ளி காலை அவர் மேசையில் பில் எழுதிக்கொண்டிருந்தபோது விளக்குமாறு காலை இடித்தது.

“நீ காலைத் தூக்கு கண்ணு.”

மனோஜ் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது. நஞ்சுண்டனுக்குக் காது சுட்டது. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. இரண்டு காலையும் தூக்கினார்.

சாயங்காலம் மடத்தில் எழுந்து நின்றபோது சட்டை, ஆத்மா எல்லாம் மறந்துபோயிருந்தது. முன்வரிசையில் மில் வைத்திருந்த மடத்துத் தலைவர் சீனிவாசலு கண்ணை மூடித் தயாராக இருந்தார்.

“சாமிகிட்ட யாரும் ‘நீங்க காப்பாத்துங்க’ன்னு கேக்கறதில்லைங்க” என்றார் நஞ்சுண்டன். “‘நீதான் காப்பாத்தோணும்’னு கேக்கறோம். அதுல மருவாதி குறையறதில்லை. நான் எங்க பட்டறைல சொல்ற ‘நீ’ல குறையுது. ரண்டும் ஒரே எழுத்துதானுங்க. இன்னைக்குக் காலைல, எங்க பட்டறை கூட்டற ராசம்மா அக்கா என்னைய ‘நீ’ன்னு சொன்னாங்க. சாமிக்கு எப்படி இருக்கும்னு கொஞ்சம் தெரிஞ்சுதுங்க. பழமொழி அந்த ‘நீ’யத்தான் சொல்லுதுன்னு நெனைக்கறேன்.”

உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்திருந்தது. பெண்கள் பக்கம் தெய்வாத்தாள் மட்டும் சிரித்தபடி வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

சீனிவாசலு கண்ணைத் திறந்தார். “ஏனுங்க நஞ்சுண்டன், ஆத்மா வரவே இல்லீங்களே?”

“காலைலயே வந்து கூட்டிப்போட்டுப் போயிருச்சுங்க” என்றார் நஞ்சுண்டன்.