தள்ளிப் போன வீடு

பேட்டரித் தொழிற்சாலை ஆள் எடுத்த ஒவ்வொரு முறையும், எதிர்த் தெருவிலிருந்த வாடகை வீடுகள் ஊருக்கு வெளியே ஒரு மைல் நகர்ந்தன. சுவர், கூரை, கொடியில் காய்ந்த துணி, உள்ளே தூங்கிய ஆட்கள் எல்லாம் சேர்ந்தே போயின. சொந்த வீடுகள் மட்டும் இம்மியும் அசையவில்லை. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்க நாதியில்லை.

தெருவின் முதல் வீட்டில் ஒரு தையல்காரி வாடகைக்கு இருந்தாள். கணவன் வெல்டர். ஜன்னலிலிருந்தே தொழிற்சாலை கேட் தெரிகிறது, அங்கே வேலை கிடைத்தால் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, கைக்குழந்தையையும் கொஞ்சிவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டு, நச்சரித்து அவனை மனுப் போட வைத்தவளே அவள்தான். முதலில் எடுத்த ஆட்களில் அவனும் ஒருவன். அன்று மாலை இனிப்போடு வந்தவன் வாசற்படியை மட்டும் கண்டான். வீட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

வீட்டுக்காரரிடம் முறையிட்டார்கள். "வீடு போனா நான் என்னம்மா பண்றது? மனை இங்கதானே இருக்கு" என்றார். அந்த மனையில் அடுக்குமாடி எழும்பி, இன்ஜினியர்கள் குடியேறினார்கள். தள்ளிப் போன வீட்டுக்கும் மனுஷன் வாடகையை ஏற்றித்தான் வாங்கினார். அவருக்கும் வெட்கமில்லை, வேலைவாய்ப்பைப் பெருக்கியதாக மேடையேறி மாலை வாங்கிக்கொண்ட தொழிற்சாலை மேலாளருக்கும் இல்லை.

மூன்றே வருடத்தில் வீடு பஸ் போகாத இடத்துக்குப் போய்விட்டது. வெல்டர் கிளம்பும்போதும் திரும்பும்போதும் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு விடுமுறை நாளில் அவன் தூக்கப் போக, அவள் வீறிட்டு அழுது அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். தையல்காரி கத்தரியைக் கீழே வைத்தாள்.

"வேலைய விட்ருங்க. வீடு தானா திரும்பி வந்துரும்."

"வராட்டி?"

"வராம எங்க போகும்? உங்க வேலையாலதானே போச்சு."

மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டான். அன்று மத்தியானமே அவன் இடத்துக்கு வேறு ஆளை எடுத்தார்கள். வீடு இன்னும் ஒரு மைல் தள்ளிப் போனது.

இப்போது அந்தப் பொட்டல்வெளியில், பின்னாலேயே வந்து சேர்ந்த வீடுகளுக்கு, நகர்ந்ததில் கழன்ற இரும்புக் கதவுகளைப் பற்றவைத்துக் கொடுக்கிறான். மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வீடு நகர ஆரம்பித்தால் ஆளுக்கொரு கையால் தட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். நின்றதும் மறுபடி சாப்பிடுகிறார்கள்.