மஞ்சள் ஏறாத விளக்குகள்

"நம்ம ஊருதான் ஒசரம்!" என்றாள் பஞ்சம்மாள். மேல்கரைச் சாவடியில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெத்தணன் கையே தட்டிவிட்டார்.

சுகாதார நர்ஸ் பொன்னுத்தங்கம் படத்தைப் பிடித்தபடி நின்றாள். கண்மாயின் இரு கரையிலும் இருந்த ஊர்களில் போன வருஷம் வாந்திபேதியில் செத்தவர்களை அவள் இரண்டு சிவப்புக் கட்டங்களாக வரைந்திருந்தாள். தடுப்பூசி போட்டுக்கொண்ட கீழ்கரைக்குக் குட்டையான கட்டம். கை வீங்கினால் தீப்பெட்டி ஒட்ட முடியாது என்று மறுத்த மேல்கரைக்கு உயரமான கட்டம். கோபுரத்தையும் கம்பம்பயிரையும் உயரம் பார்த்து மகிழ்கிறவர்களுக்கு உயரம் எப்படிச் சாவாகத் தெரியும்? சிவப்பும் குங்குமம்போல மங்கலமாகவே இருந்தது. பங்குனிப் பொங்கலுக்குச் சனம் கூடுமுன் ஊசி போட்டாக வேண்டும். இந்த வருஷமும் மறுத்தால் எத்தனை வீடு அழுமோ என்று அவள் மனம் பதறியது.

வேறு படம் வரையத் தாள் கேட்டு, சிவகாசியில் சங்கரலிங்கத்தின் அச்சகத்துக்குப் போனாள். மூலையில் தீப்பெட்டி லேபிள்கள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் குத்துவிளக்குப் படம். ஒன்றிலும் சுடர் இல்லை.

"மஞ்சக் கலரு ஏறாமப் போச்சு தாயி. எரியாத வெளக்க எந்தக் கம்பெனி வாங்கும்?" என்றார் அவர்.

அவள் குனிந்து ஒரு லேபிளை எடுத்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுல கொஞ்சம் தாங்க. எரியிறதுலயும் கொஞ்சம் வேணும். என்ன வெலை?"

"ஊசி போடப் போறவகிட்ட காசு வாங்குனா ஆத்தா பொறுப்பாளா? பசையும் எடுத்துக்கிட்டுப் போ."

ஒருவர் கழித்துப் போட்டதை ஆண்டவன் இன்னொருவர் கையில் கொண்டுவந்து சேர்ப்பதை நினைத்து, பஸ்ஸில் அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

மறுபடி மேல்கரை. இப்போது படத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு விளக்கு லேபிள், தெரு வரிசைப்படி ஒட்டியிருந்தாள். சாவு விழுந்த வீட்டுக்குச் சுடர் இல்லாத விளக்கு. பக்கத்தில் கீழ்கரை ஏறக்குறைய முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

புருஷனைப் பறிகொடுத்த இருளம்மாள் விரலால் தெருவை எண்ணிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள்.

"இது எங்க வீடா?"

"ஆமாக்கா."

இருளம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "எடது கையில போடு தாயி. வலது கை பெட்டி ஒட்ட வேணும்."

பஞ்சம்மாள் பெத்தணனைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்கு கையத் தட்டுனீகள்ல மச்சான்? இப்ப அதே கைய நீட்டுங்க."

பெத்தணன் தலையைக் குனிந்தபடி வரிசையில் வந்து நின்றார்.

பொழுது சாயும்போது பொன்னுத்தங்கம் படத்தைச் சுருட்டப் போனாள். மேல்கரையின் எரியாத விளக்குகள் ஒவ்வொன்றிலும் சுடர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ மஞ்சளைக் குழைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். ஒரே விரல் அல்ல. சின்னதும் பெரியதுமாகப் பல விரல்கள். இன்னும் ஈரமாக இருந்தது. சுருட்டினால் கலைந்துவிடும் என்று, அது காயும்வரை படத்தை இரண்டு கையிலும் ஏந்தியபடி அவள் நின்றுகொண்டிருந்தாள்.