தொண்டையில் ஒன்றும் மாட்டவில்லை

"தொண்டையில ஏதாவது மாட்டியிருக்கும்க்கா" என்றார் மாப்பிள்ளை, போனில். அந்தக் குரலில் இருந்த நிதானம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மடியில் என் நாய்க்குட்டி வாண்டு கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, அந்தக் கையளவு உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி இருமிக்கொண்டிருந்தது. இருமி முடிந்ததும் ஓங்கரித்து வெள்ளையாகக் கொஞ்சம் நுரை தள்ளியது. பிறகு, ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல என்னை அண்ணாந்து பார்த்தது.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். ஊருக்குப் போகிறவர்கள் நாய்களை விட்டுவிட்டுப் போகும் விடுதி ஒன்று நடத்துகிறார். அவருடைய பெருமையே அங்கே கூண்டு கிடையாது என்பதுதான். "கூண்டு இல்லை, குடும்பம்தான்" என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். பெரிய ஷெட், நடுவில் ஒரே ஒரு அகலமான தண்ணீர்த் தொட்டி. எல்லா நாயும் அதில்தான் வாய் வைக்கும். ஒன்றன் பக்கத்தில் ஒன்று நின்று தண்ணீர் குடிப்பதைப் படம் பிடித்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் செய்யப்போகும் தப்பு என் கண்ணில் பட்டதும் என் பக்கத்து பிரேக்கை மிதிக்கிற வேலை. இந்த வேலையில் பொறுமை வளரும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வளர்ந்தது. வெளியூரில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டியிருந்ததால் வாண்டை மாப்பிள்ளையிடம் விட்டேன். திரும்பக் கூட்டிவரப் போனபோது மூலையில் ஒரு பழுப்பு நாய் இருமிக்கொண்டிருந்தது. புரையேறிய பிள்ளைக்குத் தட்டுவதுபோல மாப்பிள்ளை அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். "அவசரமா தின்னுடுச்சுக்கா" என்று சிரித்தார். நானும் நம்பி வந்துவிட்டேன்.

அந்தப் போனை வைத்துவிட்டு வாண்டைக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா வாண்டின் தொண்டையை விரலால் லேசாக அழுத்தினார். அவ்வளவுதான், அது மறுபடியும் இருமத் தொடங்கியது.

"ஒண்ணும் மாட்டலை. இது கென்னல் காஃப். நாய்ங்க கூட்டமா இருக்கிற இடத்துல ஒண்ணுகிட்டேயிருந்து ஒண்ணுக்குத் தொத்துற இருமல். பெரிய நாய்னா தாங்கும். இது பச்சைக் குட்டி. நெஞ்சுல இறங்காம பார்த்துக்கணும்."

"இறங்கினா?"

அவர் கழுத்துப் பட்டையைக் கழற்றச் சொன்னார். அது மூச்சுக்குழாயை அழுத்துமாம், இனிமேல் நெஞ்சோடு மாட்டுகிற வார் மட்டும்தானாம். ஒரு மருந்து எழுதினார். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி பிடிக்கச் சொன்னார். பிறகு, "இந்த வாரம் இதே இருமலோட வேற நாய்களும் வந்திருக்கு. இது எங்கே தங்கியிருந்துச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அது ஒரு குற்றமா?

குற்றம்தான் என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. டாக்டரம்மா மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, விடுதியைக் கொஞ்ச நாள் மூடி எல்லாவற்றையும் கழுவுங்கள், நாய்களை விட்டுப்போனவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுங்கள் என்றிருக்கிறார். இவர் சரி சரி என்று சொல்லிவிட்டு, நேராக என் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்.

"மாப்பிள்ளை பேரை டாக்டர்கிட்ட சொன்னியாமே?" என்றாள் அம்மா. மாப்பிள்ளை என்ற சொல்லைச் சொல்லும்போதே அவள் குரல் பணிந்துவிடும், அந்தப் பக்கம் அவரே நிற்பதுபோல. "ஒரு நாய்க்காகவாடி?"

"நாய்க்காகத்தான்மா. வேற எதுக்காக நான் நாய் டாக்டர்கிட்ட போவேன்?"

"அவருக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? சாப்பிடக்கூட இல்லையாம்."

"வாண்டும்தான் சாப்பிடலை!" என்று கத்தினேன். அம்மா போனை வைத்துவிட்டாள். அடுத்து தங்கை போனில் வந்தாள். இப்போதுதான் தொழில் தலையெடுக்கிறதாம், சொந்த அக்காவே வயிற்றில் அடிக்கலாமா என்று ஒரே அழுகை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை இது. என் குட்டிக்கு நோயைக் கொடுத்தவர்கள் அவர்கள், கெட்ட பெயர் மட்டும் எனக்கு. "கதவை மூடினாரா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றேன். அவள் அழுகை இன்னும் பெரிதானது. மூடவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

அப்போது எனக்குச் சண்டை போடவும் நேரமில்லை. வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் வாண்டை மடியில் வைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்திருப்பேன். வெந்நீர்க் குழாய் கொட்டும், கண்ணாடி முழுக்க ஆவி படரும், என் சட்டை ஈரமாகி முதுகில் ஒட்டிக்கொள்ளும். குட்டி என் முழங்கையில் மூக்கை வைத்து மூச்சு விடும். கொஞ்சம் சளி இளகினால் இருமல் அடங்கி ஒரு குட்டித் தூக்கம் போடும். அந்தத் தூக்கத்தைக் கலைக்கக் கூடாது என்று கால் மரத்துப்போனாலும் அசையாமல் இருப்பேன். வேகவைத்த கோழியை விரலால் மசித்து வாயருகே கொண்டுபோனால், முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு நாள் மூச்சுவிடும்போது விலா எலும்புகள் உள்ளே போய் வருவது தெரிந்தது. வகுப்பை ரத்து செய்துவிட்டு, அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். நெஞ்சில் இறங்கத் தொடங்கிவிட்டதாம். ஊசி போட்டார்கள். ஊசிக்குக்கூட அது கத்தவில்லை, அந்த அளவுக்குத் துவண்டு கிடந்தது. காத்திருப்பு அறையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல். அழுகையோடு அழுகையாக மாப்பிள்ளையைத் திட்டினேன். பக்கத்தில் பூனையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

ஊசிகள் தொடர்ந்தன. ஒரு காலையில் வாண்டு என் செருப்பைக் கவ்வி இழுத்தது. அன்று நான் செருப்பில்லாமலே வேலைக்குப் போயிருப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

அதற்கு அடுத்த விடுமுறை நாள் மதியம், மாப்பிள்ளை என் வாசலில் வந்து நின்றார். கையில் துண்டு சுற்றி அவருடைய சொந்த நாய். பெரியவன் என்று கூப்பிடுவார்கள், பெயருக்கேற்ற உருவம். மாப்பிள்ளை மூச்சு வாங்க அதைத் தூக்கிக்கொண்டிருந்தார். உள்ளே வருவதற்குள் பெரியவன் இருமினான். வாண்டு இருமியது போலவேதான், ஆனால் வீடே அதிரும்படி.

"வாண்டுக்குக் கொடுத்த மருந்துல மிச்சம் இருக்குமாக்கா?"

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. "ஏன், டாக்டர்கிட்ட போகலையா?"

"போனா, விடுதியை மூடினீங்களான்னு கேப்பாங்க."

"மூடலையா?"

அவர் பெரியவனின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். நாய் வளர்க்கிற மனுஷனுக்கும் அந்தப் புத்தி வரும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"வாண்டு இருந்த எடைக்குக் கொடுத்த மருந்து இவனுக்குக் கால் தூசுக்குக் காணாது" என்றேன். "இவனுக்கு இப்போ ஆவி பிடிப்போம். அப்புறம் நானே டாக்டர்கிட்ட கூட வர்றேன். அதுக்கு முன்னாடி நீங்க இங்கேயே உட்கார்ந்து, நாய் விட்டுப்போன ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணணும். ஸ்பீக்கர்ல போடுங்க. நான் கேக்கணும்."

"அக்கா, என்னைக் கொஞ்சம்..."

"போனை எடுங்க மாப்பிள்ளை."

வாண்டை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். பெரியவனைக் குளியலறைக்குள் தள்ளி வெந்நீரைத் திறந்தேன். மாப்பிள்ளை குளியலறை வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து முதல் எண்ணைத் தட்டினார். எடுத்தவர் வயதான மனிதர், வெகுநாள் வாடிக்கையாளர். குரலிலேயே களைப்புத் தெரிந்தது.

"வணக்கம் சார். ஒண்ணுமில்லை, நம்ம இடத்துல பெயிண்ட் வேலை நடக்குது. கொஞ்ச நாளைக்கு..."

பெயிண்ட் வேலையாம்! என் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அதற்குள் உள்ளே பெரியவன் இருமத் தொடங்கினான். ஓங்கரித்து, மூச்சு இழுத்து, மறுபடியும் இருமினான்.

"அது என்ன சத்தம்?" என்றார் அந்த மனிதர்.

மாப்பிள்ளை குளியலறைக் கதவை எட்டி இழுத்தார்.

"எங்க வீட்டுலயும் இதே சத்தம்தான் தம்பி. உங்களைக் கேட்டேனே, ஞாபகம் இருக்கா? தொண்டையில ஏதோ மாட்டியிருக்கும்னு சொன்னீங்க. எலும்போ என்னவோன்னு வாயைப் பிளந்து விரலை விட்டேன். கடிச்சிடுச்சு. இத்தனை வருஷத்துல அது பல்லு என் மேல பட்டதே இல்லை. கோபத்துல அடிச்சிட்டேன், தம்பி. நல்லா அடிச்சிட்டேன். பேரப்பிள்ளைங்க வந்து போற வீடு, கடிக்கிற நாயை வச்சிருக்க முடியாதுன்னு மகன் சொல்றான். பின்பக்கம் சங்கிலியில கட்டிப் போட்டிருக்கோம். நாளைக்குக் கொண்டுபோக ஆள் வருது."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் முகம் கோணியது. அழுகை வருகிறதா, இன்னொரு பொய் வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பொய் வந்திருந்தால், மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது, அங்கேயே அறைந்திருப்பேன்.

"சார்" என்றார். "அது மேல தப்பில்லை சார். தொண்டையில ஒண்ணும் மாட்டலை. அது நோய். எங்க இடத்துலதான் வந்துச்சு. டாக்டர் சொல்லியாச்சு, நான்தான் உங்ககிட்ட சொல்லலை. தொண்டை புண்ணா இருக்கும் சார் அதுக்கு. வலியிலதான் கடிச்சிருக்கும். சங்கிலியை அவுத்து விடுங்க சார்."

அந்த மனிதர் போனைக் கையில் வைத்துக்கொண்டே நடக்கிறார் போலிருந்தது. ஒரு கதவு திறந்தது. சங்கிலி தரையில் உரசும் சத்தம் கேட்டது, பின்வாங்கிப் போகிற மாதிரி.

"அடிக்கலைடா" என்றது அந்தக் குரல், எங்களிடம் அல்ல. "வாடா இங்க. அடிக்க வரலைடா."

சங்கிலி இன்னும் பின்னால் போனது. நாய் அவரிடம் வரவில்லை. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளை போனைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்குக் கோபம் ஆறவில்லை. நான் குனிந்து போனை எடுத்து, அவர் கையை விலக்கி, அதற்குள் வைத்தேன்.

"அடுத்த நம்பரைப் போடுங்க" என்றேன்.