ஈயச் சொம்பில் ஒயின்

மைசூர் சரஸ்வதிபுரவாசியும் ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவருமான ஸ்ரீமான் கணபதிராமன், தமது ரத்தக்குழாய்களின் நலன் கருதி இன்று முதல் சிவப்பு ஒயின் அருந்தத் தீர்மானித்திருக்கிறார் என்று சகலருக்கும் அறிவிக்கப்பட்டது. சகலரும் என்றால் குடும்ப வாட்ஸப் குழுவில் நாலு பேர். அதில் ஒருவர் அவரேதான்.

அறிவிப்புக்கு ஆதாரமாக அவர் காட்டிய கட்டுரையில் இருந்தது வேறு. ஒயினில் உள்ள பாலிஃபீனால் என்கிற சத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கெடாமல் காக்கக்கூடும், உறுதியாகச் சொல்ல இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்று பம்மிப் பம்மி எழுதியிருந்தார்கள். அவர் பம்மலையெல்லாம் உதறிவிட்டு அனுப்பினார். அவருக்கு வேண்டியது ஆராய்ச்சி அல்ல. சம்சாரம் மீனாக்ஷி.

பெண் அனகாவின் பிரசவத்துக்கு, மூணே மாசம் என்று சொல்லிவிட்டுப் புனே போனவள். பேரனுக்கு இப்போது ஒன்றரை வயது. பிபி ஏறிவிட்டது என்று சொல்லிப் பார்த்தார். மாத்திரையின் பேர் கேட்டாள். மாடிப்படியில் சறுக்கினேன் என்றார்; விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கச் சொன்னாள். அமாவாசையன்று வெங்காயமே வாசலோடு நின்றுவிடும் வீட்டுக்குள் ஒயின் நுழைகிறது என்றால், அடுத்த ரயிலில் ஏறாமல் என்ன செய்வாள்?

தெரிந்த முகம் தட்டுப்படாத பேட்டையாகப் பார்த்து வாங்கி வந்தார். வந்த பிறகு ஒரு சிக்கல். மருந்து என்றால் அந்த வீட்டில் ஒரே முறைதான்: எட்டுப் பங்கை ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சுவது. அடுப்பில் ஏற்றினார்.

போன் அடித்தது.

"என்ன கூத்து இது?" என்றாள் மீனாக்ஷி.

"ரத்தக்குழாய்க்கு," என்றார், குரலைக் கொஞ்சம் மெலிய விட்டு.

"அந்தச் சத்து திராட்சைத் தோல்லயே இருக்காம், மாப்பிள்ளை சொல்றார். தேவராஜா மார்க்கெட்ல கறுப்புத் திராட்சை வாங்கித் தோலோட தின்னுங்கோ. நாப்பது வருஷமா தட்டோரம் துப்பித் துப்பி என்னை அள்ள வெச்சேளே."

முணுமுணுத்துக்கொண்டே தோலை வழித்தெடுக்கும் அந்த விரல்கள் அவர் நினைவுக்கு வந்தன. இப்போது தட்டோரம் சுத்தமாகத்தான் இருக்கிறது. 'நீயே வந்து வாங்கிக் கொடேன்' என்று சொல்ல வாயெடுத்தார்.

"என்ன அது, கொதிக்கிற சத்தம்?"

"கஷாயம் மாதிரி காய்ச்சறேன்."

"எதுல?"

"உன் ஈயச் சொம்புல."

அவள் பிறந்தகத்துச் சீர் அது. ரசத்தைத் தவிர வேறெதுவும் கண்டதில்லை. கணபதிராமன் கணக்குப் போட்டார். புருஷனுக்கு வராதவள் சொம்புக்கு வருவாள். வரட்டுமே, எதற்கு வந்தால் என்ன.

"மொதல்ல அடுப்பை அணைங்கோ. வத்தினா உருகிடும்."

அணைத்தார்.

"ஆறினதும் வெந்நீர் விட்டு நாலு தரம் அலம்பி, பழைய வேஷ்டில நன்னா சுத்துங்கோ."

"சுத்திட்டு?"

"கூரியர்ல இங்க அனுப்பிடுங்கோ. இங்கயும் ரசத்துக்கு ஒரு நல்ல சொம்பு இல்லை."

மறுநாள் பதினொரு மணிக்கு ஈயச் சொம்பு புனேவுக்குக் கிளம்பியது.