மேகச் சாம்பல்

மாதுளைத் தோலை வேகவைத்துத் துணியை முக்கினால் யாருக்கும் மஞ்சள்தான் வரும். பெரியவளுக்கு மட்டும் சாம்பல் வந்தது. அதுவும் சாதாரணச் சாம்பலா? மழைக்கு முந்தின வானம் மாதிரி ஒரு நிறம். பார்த்தவர்கள் தொட்டுப் பார்க்காமல் நகரமாட்டார்கள்.

ஜூஸ் கடையில் குப்பைக்குப் போகிற தோலை வாங்கிவந்து காயவைத்து, அலுமினிய அண்டாவில் கொதிக்கவிடுவாள். கடையில் வாங்கிய பொடி ஒரு சிட்டிகை கிடையாது. தோல், தண்ணீர், பருத்தித் துணி, அவள் கை, அவ்வளவுதான். அந்தத் துணியில் பைகளும் தலையணை உறைகளும் தைத்து விற்றாள். மேகச் சாம்பல் என்று பேர் வைத்தது அவற்றை வாங்கி விற்கிற கடைக்காரம்மா. "உனக்குக் கைராசிம்மா" என்று அந்தம்மா சொல்லிச் சொல்லி, பெரியவளும் நம்பிவிட்டாள். தொட்டது துலங்கும்போது யார்தான் நம்பமாட்டார்கள்?

அந்த நம்பிக்கை தங்கையிடம் போய்த்தான் வம்பாக முடிந்தது. சின்னவள் அக்காவோடு கூடமாட நின்று தொழில் கற்றவள். கல்யாணமாகிப் போன வீட்டில் தனியாக ஒரு அண்டா வைத்தாள். அதே தோல், அதே அளவு, அதே துணி. வந்தது மஞ்சள். திரும்பத் திரும்பப் போட்டாள், திரும்பத் திரும்ப மஞ்சள். ஒருநாள் துணி மூட்டையைக் கொண்டுவந்து அக்கா காலடியில் போட்டாள்.

"எதையோ எங்கிட்ட மறைக்கிறக்கா."

"மறைக்க என்னடி இருக்கு? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். சில பேர் கை தொட்டா துலங்கும். உன் கை விளங்காத கை, அதுக்கு நான் என்ன பண்ண?"

வாய்க்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டது. சின்னவள் மூட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அண்டாவை விற்றாள். அக்கா வீட்டு வாசலையே மிதிக்கவில்லை. நல்லது கெட்டது என்றால் ஃபோனில் இரண்டு வார்த்தை, அதோடு சரி. பிள்ளை பிறந்ததைக்கூட ஃபோனில்தான் சொன்னாள். உள்ளதைத்தானே சொன்னோம் என்று பெரியவள் மனசைத் தட்டித் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போது, ஒரு விடுதிக்கு மொத்தமாகத் தலையணை உறை வேண்டும் என்று கடைக்காரம்மா கேட்டாள். இதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். பெரியவள் துணி எடுக்க வெளியூர் போனாள். அந்தச் சமயம் பார்த்து அவள் கணவர் ஒரு நல்ல காரியம் செய்தார். மொட்டைமாடியில் இருந்த ஓட்டை இரும்புத் தொட்டியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, புது பிளாஸ்டிக் தொட்டி வைத்தார். வாளியில் படிந்த துருக்கறையைத் தேய்க்கும்போதெல்லாம் பெண்டாட்டி திட்டுவாளே, இனியாவது நிம்மதியாக இருக்கலாம் என்று ஆசை. அவளும் திரும்பிவந்து பளிச்சென்ற வாளியைப் பார்த்து, "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று மெச்சிக்கொண்டாள்.

மறுநாள் சாயம் போட்டாள். அண்டாவிலிருந்து துணியைத் தூக்கியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மஞ்சள்.

ஜூஸ் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டாள். "தோல் தோல்தாம்மா, அதுல நான் என்ன கலப்படம் பண்ணப்போறேன்?" என்றார் அவர். வேறு தோல் வாங்கிப் போட்டாள். மஞ்சள். இரவு முழுக்க ஊறவிட்டாள். நல்ல அழுத்தமான மஞ்சள். பேயறைந்தவள் போல உட்கார்ந்துவிட்டாள். ஆர்டர் போனால் போகட்டும், கை போய்விட்டதே. தங்கச்சி வயிற்றெரிச்சல்தான் பலித்துவிட்டதோ என்றுகூடத் தோன்றியது. பாருங்கள், அப்போதும் பழி தங்கை மேல்தான்.

ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போடக்கூடத் தெம்பில்லாமல், பால்கனிக் கம்பிமேல் அப்படியே வீசினாள். பெயிண்ட் உதிர்ந்த பழைய இரும்புக் கம்பி. காலையில் எடுத்தால், மஞ்சள் துணியின் குறுக்கே வரிவரியாக மேகச் சாம்பல். கம்பி பட்ட இடத்தில் மட்டும்.

கம்பியைத் தடவினாள். விரலில் துரு ஒட்டியது. அண்ணாந்து பார்த்தாள். மொட்டைமாடியில் புதுத் தொட்டி நின்றது.

பரணில் கிடந்த துருப்பிடித்த ஆணிகளை ஒரு பிடி அள்ளி அண்டாவில் போட்டாள். மஞ்சள் துணி அவள் கண்ணெதிரே கறுத்துச் சாம்பலானது.

"அப்பாடா. உன் கைராசி திரும்பி வந்துடுச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"கைராசியும் இல்ல, கத்தரிக்காயும் இல்லங்க. எல்லாம் தொட்டி ராசி."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேடை நிஜமாகவே கோணலாக இருந்திருக்கிறது. ஆடியவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஃபோனை எடுத்தாள்.

"என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் சின்னவள் எடுத்த எடுப்பிலேயே.

"யாருக்கும் ஒண்ணுமில்லடி. அந்தச் சாம்பல் என் கையால வந்ததில்ல. எங்க வீட்டுத் துருத் தண்ணியால வந்தது. உன் கைமேல தப்பே இல்ல. என் வாய்மேலதான் தப்பு."

அந்தப் பக்கம் பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டது.

"புள்ள இப்படி இருமுதே, மருந்து குடுத்தியா?"

"அவர் வேலைவிட்டு வந்து குடுப்பாருக்கா."

"மருந்து இல்லையா வீட்டுல?"

"இருக்கு."

"அப்ப நீயே குடுக்கவேண்டியதுதானே?"

"நான் குடுக்கறதில்லக்கா. பொறந்ததுலருந்து ஒரு சொட்டு என் கையால குடுத்ததில்ல. விளங்காத கைன்னு நீ சொன்னியே. எதுக்கு வம்புன்னு."

பெரியவள் அண்டா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"இப்பவே குடுடி. நான் லைன்லயே இருக்கேன்."

மருந்து பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தம் வருமா என்று ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் பிள்ளையின் இருமல்தான் கேட்டது.