பத்தாம் நம்பர் ஸ்பேனர்

பிளேன் மெக்கானிக் ஆகப்போறேன்னு சொன்னதும் விவேக் நகர்ல எங்க தெரு கேட்ட முதல் கேள்வி, "அப்போ உனக்கு டிக்கெட் ஃப்ரீயா நோரா?" ஆமா, ஜன்னல் சீட்டு வேற குடுப்பாங்க. சம்பளத்தோட ஒன்றரை வருஷப் பயிற்சி. அதுல பாதி நாள் நான் கத்துக்கிட்டது எண்ணுறதைத்தான். வேலை முடிஞ்சதும் பெட்டியில ஒவ்வொரு ஸ்பேனரும் அதோட குழியில இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் பிளேன் நகராது.

ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில எஞ்சின் வேலை முடிச்சு மூடியாச்சு. பூஜைப் பொரியைத் தின்னுட்டு வந்து எண்ணினேன். பத்தாம் நம்பர் குழி காலி. என்னை நிரந்தரமாக்க எங்க சூப்பர்வைசர் நரேஷ் கையெழுத்துப் போட வேண்டியது மறுநாள்தான்.

"எங்கேயாவது கிடக்கும்மா. பன்னெண்டுக்கு பிளேன் போகணும். எல்லாம் இருக்குன்னு எழுதிடு."

"எங்கேயாவதுன்னா எஞ்சினுக்குள்ளயும்தானே சார்?"

"நாளைக்கு உன் ஃபார்ம் என் டேபிளுக்குத்தான் வருது," என்றார், ரொம்ப அன்பா.

எனக்குப் பயம்தான். அந்த பிளேன்ல ஏறப்போறவங்களை நினைச்சா அதைவிடப் பயம். 'ஒண்ணு குறையுது'ன்னு எழுதிட்டேன். எஞ்சினை மறுபடி திறந்தாங்க. ஆறு பேர் மூணு மணி நேரம் டார்ச் அடிச்சுத் தேடினாங்க; தேடும்போதே என் வம்சத்தையும் ஒரு சுத்து விசாரிச்சாங்க.

கடைசியில பூஜைத் தட்டைக் கழுவப் போன ஜானகி அக்கா எதையோ தூக்கிக் காட்டினாங்க. சாமந்திப் பூவுக்கு அடியில, சந்தனம் குங்குமத்தோட, என் ஸ்பேனர்.

"சாமிக்குப் புதுசா வைக்கலாம்னு எடுத்தேன். உன் பெட்டியில அதுதான் பளபளன்னு இருந்துச்சு. மறந்தே போச்சு," என்றார் நரேஷ். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீயே வச்சேன்னு எழுதிடும்மா."

"நான் குழந்தை இயேசு கோயில் ஆளு சார்."

ரிப்போர்ட்டை உள்ளபடி நிரப்பினேன். எடுத்தவர்: நரேஷ். கிடைத்த இடம்: பூஜைத் தட்டு. எடுத்த காரணம்: விமானத்தின் பாதுகாப்புக்காக.

கையெழுத்துப் போட்டுட்டு அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. போச்சு, ஒன்றரை வருஷமும் போச்சுன்னு பஸ்ல அழுதுட்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஃபார்ம் வந்துச்சு. 'குணம்' இருந்த கட்டத்துல நரேஷ் எழுதியிருந்தார்: 'சொன்னால் கேட்கமாட்டார்.'

அதுக்குக் கீழே மேனேஜர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'இவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளவும்.'